வரலாறும் புராணமும் ஒரே முகப்பில்: நாளிதழ் ஓவியருக்கு ஒரு முழு வழிகாட்டி

பழைய வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளில் ஒரு வீரன் என்றதும் கொம்பு வைத்த தலைக்கவசம்தான் எல்லோர் கண்ணிலும் வந்து நிற்கும். ஆனால் வைக்கிங்குகள் கொம்போடு போருக்குப் போனதற்கு இதுவரை ஒரு சான்றும் கிடைக்கவில்லை. அதற்கு முன்பே சில ஓவியங்களில் அந்தக் கொம்பு எட்டிப் பார்த்திருந்தாலும், 1876-ல் ஜெர்மனியில் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகத்துக்காகக் கார்ல் எமில் டோப்ளர் என்ற ஓவியர் வரைந்துகொடுத்த உடைகளுக்குப் பிறகுதான் அது ஊரறிந்ததானது. டென்மார்க்கில் 1942-ல் நிஜமாகவே இரண்டு கொம்புக் கவசங்கள் மண்ணிலிருந்து கிடைத்தன. அவை வெண்கலக் காலத்தவை. வைக்கிங்குகளுக்கு ஆயிரத்து ஐநூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தவை.

வரலாறும் புராணமும் பின்னிக் கிடக்கும் விஷயத்துக்கு முகப்பு ஓவியம் கேட்டு ஃபோன் வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கொம்பு நினைவுக்கு வரும். உள்ளே இருக்கும் கட்டுரையைப் படிக்காதவர்கள்கூட முகப்பைப் பார்த்துவிடுவார்கள். நாம் வரைந்தது அவர்கள் மனதில் அப்படியே தங்கிவிடும். அதனால் படம் அழகாக இருந்தால் மட்டும் போதாது. சான்று எங்கே முடிகிறது, கதை எங்கே தொடங்குகிறது என்ற எல்லை படத்துக்குள்ளேயே தெரிய வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த எல்லையைப் பற்றியதுதான். உதாரணத்துக்கு ஒரே ஒரு விஷயத்தை, கிரேக்கர்கள் படையெடுத்ததாகக் காவியம் பாடும் டிராய் நகரத்தை, கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன். ‘டிராய் போர் நடந்ததா?’ என்று ஒரு ஞாயிறு இணைப்பின் முகப்புக் கட்டுரை வருகிறது, அதற்கு ஓவியம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கட்டுரை, அப்புறம்தான் படம்

ஃபோனில் சொன்ன இரண்டு வரியை வைத்துக்கொண்டு வரைய ஆரம்பிக்காதீர்கள். முழுக் கட்டுரை தயாராகவில்லை என்றால் முதல் வரைவையாவது கேட்டு வாங்குங்கள். அதைப் பிரிண்ட் எடுத்து, மூன்று கலர் பென்சில்களோடு உட்காருங்கள். மண்ணிலிருந்து எடுத்தது, அளந்தது, கல்வெட்டில் இருப்பது எல்லாவற்றுக்கும் நீலக் கோடு. பாடலிலும் வாய்வழியாகவும் வந்ததற்குச் சிவப்பு. பிற்காலத்து ஓவியங்களும் சினிமாவும் நம் தலையில் ஏற்றி வைத்தவற்றுக்குப் பச்சை.

டிராய் கட்டுரையில் நீலக் கோடு விழும் இடங்கள்: துருக்கியின் வடமேற்கில் உள்ள ஹிஸார்லிக் மேடு. அதற்குள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒன்பது முக்கியக் குடியிருப்பு அடுக்குகள். ஆறாவது அடுக்கில், சற்றே சாய்ந்து மேலேறும் சுண்ணாம்புக்கல் மதில். ஏழாவது அடுக்கின் முற்பகுதியில், ஏறத்தாழ கி.மு. 1180-ஐ ஒட்டி நகரம் எரிந்ததற்கான தடயம். சிவப்பில், போருக்குக் காரணமாகச் சொல்லப்படும் அழகி ஹெலன், கிரேக்க வீரன் அக்கிலிஸ், கிரேக்கர்கள் உள்ளே ஒளிந்து நகருக்குள் நுழைந்த மரக்குதிரை. பச்சையில் வெள்ளை வெளேரென்ற பளிங்குத் தூண்கள், முக்கோண முகட்டுக் கோயில்கள். கிரேக்கம் என்றதும் நம் கை தானாக வரைந்துவிடும் இந்தத் தூண்கள் எல்லாம் பல நூற்றாண்டுகள் பிந்தியவை.

மூன்றில் பச்சைதான் நம்மைக் கவிழ்ப்பது. நீலத்தையும் சிவப்பையும் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறோம். பச்சையோ ஏற்கெனவே தெரிந்ததுபோல இருப்பதால் யாரும் சரிபார்ப்பதில்லை. உங்கள் பட்டியலில் பச்சை ஒன்றுகூட இல்லையென்றால், இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று பொருள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். சிவப்புக் கோடு போட்டதெல்லாம் பொய் என்று நினைத்துக்கொண்டு வரைய உட்காராதீர்கள். ஒரு கதையை ஆயிரம் இரண்டாயிரம் ஆண்டுகள் மனிதர்கள் விடாமல் சொல்லியிருக்கிறார்கள் என்பதே ஒரு வரலாறு. இன்றும் கும்பிடப்படும் புராணம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கேலிச்சித்திரக் கோட்டை அங்கே கொண்டுபோனால், கட்டுரையாளர் பொறுமையாக எழுதிய நாலு பக்கமும் வீணாகிவிடும்.

இரண்டு கரையிலும் கால் வைத்த ஒரு பொருள்

முகப்பின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இந்தப் படியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. வேலைக்குக் கிடைக்கும் நேரத்தில் பாதியை இதற்கே கொடுக்கலாம். தேட வேண்டியது ஒரு பொருளை: கதையிலும் இருக்க வேண்டும், மண்ணிலிருந்தும் கிடைத்திருக்க வேண்டும். நாணயம், முத்திரை, கிணறு, மதில், ஆயுதம், எதுவாகவும் இருக்கலாம். மனித முகமாக இல்லாமல் பொருளாக இருப்பது நல்லது. அக்கிலிஸின் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல யாரும் இல்லை. நாம் வரைவது கடைசியில் ஏதோ ஒரு நடிகரின் சாயலில்தான் போய் முடியும்.

டிராய்க்கு அப்படி ஒரு பொருள் இருக்கிறது. ஹோமரின் இலியட் காவியத்தில், பத்தாவது பகுதியில், கிரேக்க வீரன் ஒடிசியஸ் இரவோடு இரவாக உளவு பார்க்கப் புறப்படுகிறான். அப்போது அவன் தலையில் வைக்கும் கவசத்தைப் பாடல் நின்று நிதானமாக விவரிக்கிறது. தோலால் ஆன குல்லாய். உள்ளே வார்களை இறுக்கிப் பின்னியிருக்கிறார்கள். நடுவே கம்பளித் திண்டு. வெளிப்பக்கம் முழுக்கக் காட்டுப்பன்றியின் வெள்ளைக் கோரைப்பற்கள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நெருக்கமாகப் பதித்தவை.

காவியம் இப்போதைய வடிவத்தை எடுத்தது கி.மு. 8-ஆம் நூற்றாண்டு வாக்கில் என்பது பரவலான கருத்து. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த மாதிரிக் கவசம் வழக்கொழிந்துவிட்டது. பாடியவர்கள் அதைக் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் கிரேக்கத்தின் வெண்கலக் காலப் பிற்பகுதியான மைசீனிய காலத்துக் கல்லறைகளைத் தோண்டியபோது அதே கோரைப்பல் தகடுகள் கிடைத்தன. கவசம் அணிந்த வீரனின் தலையைத் தந்தத்தில் செதுக்கிய சிறு உருவங்களும் கிடைத்தன. மனிதர்களின் வாய் ஒரு பொருளை நூற்றாண்டுகளைத் தாண்டித் தூக்கிவந்து, கிட்டத்தட்ட உடையாமல் கொடுத்திருக்கிறது. வரலாறும் புராணமும் தொடும் இடம் என்றால் இதுதான். இதை வைத்துக்கொண்டு குதிரையை ஏன் வரைய வேண்டும்?

இனி அந்தப் பல்லைக் கிட்டத்தில் பார்ப்போம். முழுப் பல்லை அப்படியே ஒட்டவில்லை. நீளவாக்கில் அறுத்துத் தட்டையான தகடாக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் மெல்லிய பிறை வடிவம். தோலோடு சேர்த்துத் தைக்க ஓரங்களில் துளை. அடுக்கும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது: ஒரு வரிசையில் எல்லாப் பிறைகளும் இடப்பக்கம் வளைந்தால், அடுத்த வரிசையில் வலப்பக்கம். மேலே போகப் போக வரிசை சுருங்கி உச்சியில் கூடும். மீன் செதில்போல ஒன்றின்மேல் ஒன்று ஏறியதாக வரைந்தால் தவறு. எல்லா வரிசையும் ஒரே பக்கம் வளைந்தாலும் தவறு. ஒரு கவசத்துக்குப் பல பத்துப் பன்றிகள் தேவைப்பட்டிருக்கும். எனவே எந்த இரண்டு தகடும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாக இருக்கக் கூடாது. கணினியில் ஒரு பல்லை வரைந்து நகலெடுத்து ஒட்டும் ஆசையை இங்கே விட்டுவிடுங்கள். ஐம்பது பல்லென்றால் ஐம்பது முறை கையால் வரையுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பக்கத்துக்கு உயிர் வருவது அங்கேதான்.

வரைந்து வரைந்து கை பழகிய பிறகு ஒன்று தென்படும். அந்தப் பிறை வடிவம் ஒரு கப்பலின் அடிப்பாகம்போலவே இருக்கிறது. இலியட்டில் கிரேக்கர்களின் கப்பல்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் அடைமொழிகளில் ‘வளைந்த’ என்பதும் ஒன்று. அப்படியானால் முகப்பு இப்படி அமையலாம்: அருங்காட்சியகத்தில் இருப்பதுபோல ஒரு கவசம். கீழ் வரிசைகளில் தகடுகள் முழுதாக. மேலே போகப் போகத் தகடுகள் உதிர்ந்து, வெறும் தையல் துளைகள் மட்டும். உதிர்ந்த இடங்களில், அதே பிறை அளவில், இருட்டுக் கடலில் வரும் கப்பல்கள். சான்று இல்லாத இடத்தைக் கதை நிரப்புகிறது. எது எதை நிரப்புகிறது என்பது பார்த்தவுடனே தெரிகிறது. இந்த மாதிரி யோசனை உட்கார்ந்த இடத்தில் வராது. பொருளைப் பத்து இருபது முறை வரைந்து பார்த்தவருக்குத்தான் வரும்.

நமக்கு முன்னால் இதைச் செய்தவர்கள்

வரலாற்றையும் புராணத்தையும் ஒரே பரப்பில் வைப்பது புதிய பிரச்சினை இல்லை. நடுகல்லைப் பாருங்கள். மூன்று அடுக்காகச் செதுக்கிய நடுகற்களில், கீழ் அடுக்கில் வீரன் சண்டை போடுகிறான். நடு அடுக்கில் வானுலகப் பெண்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மேல் அடுக்கில் அவன் தெய்வத்தின் முன்னால் இருக்கிறான். பல கற்களில் ஆட்சியாண்டும், வீரனின் பெயரும், எந்த மாட்டை மீட்கச் செத்தான் என்ற செய்தியும் எழுத்தில் இருக்கும். கீழே செய்தி, மேலே நம்பிக்கை, நடுவில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி. நெட்டையான நாளிதழ்ப் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை. நடு அடுக்குதான் அதன் உயிர். அதை விட்டுவிட்டால் மேலும் கீழும் ஒட்டாத இரண்டு படங்களாகிவிடும்.

மாமல்லபுரத்தின் பெரிய புடைப்புச் சிற்பம் இன்னொரு பாடம் சொல்கிறது. அது அர்ச்சுனன் தவமா, கங்கை இறங்கிய கதையா என்று இன்றுவரை இரண்டு விதமாகவும் படிக்கிறார்கள். பாறையில் இயற்கையாக இருந்த பிளவைச் சிற்பிகள் மூடி மறைக்கவில்லை. அதையே ஆறாக்கி, நாகர்களை அதில் நீந்தவிட்டார்கள். பிளவு நிஜம், நாகர் கதை. நிஜத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் கதையை ஏற்றும் வித்தையை அந்தப் பாறையின் முன்னால் அரை மணி நேரம் நின்றாலே கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது, கிரேக்க நாட்டின் மிக்கோனோஸ் தீவில் 1961-ல் கிடைத்த பெரிய மண்தாழி. கி.மு. 670 வாக்கில் செய்தது. அதன் கழுத்தில் மரக்குதிரை இருக்கிறது. குதிரையின் உடம்பில் சதுரச் சதுரமாக ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வீரனின் தலை. கால்களில் சக்கரம். உள்ளே ஒளிந்திருப்பவர்களை நமக்கு எப்படிக் காட்டுவது என்ற கேள்விக்கு அந்தக் குயவர் கண்ட விடை அந்த ஜன்னல். இது கதை, இதை நான் சொல்கிறேன் என்று படமே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. புராணத்தை வரையும்போது புகைப்படம்போல நிஜமாக்கத் துடிக்கும் கைக்கு இந்தத் தாழி நல்ல மருந்து.

ஆசிரியர் குழுவிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை

இதை நீட்ட வேண்டியதில்லை. பக்கத்தின் சரியான அளவு, பெயர்ப்பட்டைக்கு எத்தனை சென்டிமீட்டர், கீழே விளம்பரம் வருகிறதா, தலைப்பு எத்தனை வரி, எங்கே உட்காரும், பக்கம் எங்கே மடியும். அதோடு ஒரே ஒரு கருத்துக் கேள்வி: கட்டுரை கடைசியில் என்ன சொல்கிறது? ‘போர் நடந்திருக்கலாம், ஆனால் பாடியபடி இல்லை’ என்று கட்டுரை முடியும்போது, படம் ‘நடந்தே விட்டது’ என்று முழங்கக் கூடாது.

சின்னச் சின்ன வரைவுகள்

தீப்பெட்டி அளவில் பதினைந்து கட்டம் போட்டு நிரப்புங்கள். முதல் நாலைந்தில் எல்லோருக்கும் வரும் யோசனைகள்தான் வரும். வரட்டும், வரைந்து ஒதுக்கிவிடுங்கள். பக்கத்தை நடுவில் பிளந்து இடப்பக்கம் இடிபாடு, வலப்பக்கம் தேவர்கள் என்று வைப்பது அதில் ஒன்று. பார்ப்பதற்குச் சமநிலை இருக்கும். ஆனால் கலப்பைப் பற்றிய கட்டுரைக்குப் பிரிவினைப் படம் போட்டதாகிவிடும். மேகத்தில் தெரியும் பெரிய முகம் இன்னொன்று. கிழிந்த பழைய சுவடிக்குள்ளிருந்து வீரர்கள் குதித்து வருவது மற்றொன்று. இந்த மூன்றையும் நானும் ஆரம்பத்தில் வரைந்திருக்கிறேன். மூன்றிலும் எல்லைக்கோட்டை யோசித்து வைக்கவில்லை, தவிர்த்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

தேர்ந்தெடுத்த கட்டத்தை எழுந்து நின்று, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். அந்தத் தூரத்திலும் கவசம் கவசமாகத் தெரிய வேண்டும். கிட்டே கொண்டுவந்தால்தான் கப்பல் கண்ணில் பட வேண்டும். கடையில் தொங்கும்போது ஒன்று, மடியில் விரித்தபோது இன்னொன்று என்று ஒரு முகப்பு இரண்டு முறை பேச வேண்டும்.

கோடு ஒன்று, பூச்சு ஒன்று

சான்றுக்கும் கதைக்கும் வேறு வேறு கை வையுங்கள். என் வழக்கம் இது: சான்று உள்ளதைப் பேனாவால், ஒரே கனமுள்ள கோட்டில், அகழாய்வு அறிக்கைகளில் வரும் வரைபடம்போல வரைவேன். நிழல்கூடப் புள்ளிகளாலும் நெருக்கக் கோடுகளாலும்தான். கதையைத் தூரிகையால், மையை நீரில் கரைத்து, ஓரம் கசிய விட்டு வரைவேன். டிராய் படத்தில் தகடுகள் பேனா, கடலும் கப்பலும் தூரிகை. வாசகருக்கு இந்த விதியை யாரும் விளக்கப் போவதில்லை. ஆனாலும் கண் அதைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டில் ஒன்றை மட்டமாக வரையாதீர்கள். சான்றை மட்டும் உழைத்து வரைந்துவிட்டு, கதைப் பகுதியை நாலு இழுப்பில் முடித்தால், கதையை நீங்கள் மதிக்கவில்லை என்பது பக்கத்தில் தெரியும்.

இரண்டும் சந்திக்கும் விளிம்பை எப்படி வரைவது? கணினியில் மெல்ல மங்கவைத்து ஒன்றை மற்றொன்றில் கரைப்பதுதான் எளிய வழி. அதை நான் செய்வதில்லை. கரைத்துவிட்டால் எல்லையே காணாமல் போகிறது. அதற்குப் பதில் கவசத்தின் தையல் துளைகளைப் பேனாவிலேயே மேல்வரை கொண்டுபோங்கள். துளைகள் சான்று. அவற்றுக்கு நடுவே உட்காரும் கப்பல் தூரிகை. பல் இருந்த தடம் நிஜம், இப்போது அங்கே இருப்பது கதை. எல்லை தெளிவாகவும் இருக்கிறது, இரண்டும் ஒரே பொருளாகவும் நிற்கின்றன.

சரிபார்ப்பு: ஒரு புகைப்படத்தின் கதை

டிராயைத் தேடி அகழாய்வு செய்த ஜெர்மானியர் ஹைன்ரிஷ் ஷ்லீமன் 1873-ல் ஹிஸார்லிக்கில் தங்க நகைக் குவியல் ஒன்றை எடுத்தார். அதற்கு ‘பிரியாமின் புதையல்’ என்று டிராய் அரசனின் பெயரையே வைத்தார். அவர் மனைவி சோஃபியா அந்தத் தலையணியும் மாலையும் அணிந்து எடுத்த புகைப்படம் ஹெலனின் நகை என்ற பெயரோடு பரவியது. பெண் நிஜம், நகை நிஜம், புகைப்படம் நிஜம். ஆனால் நகைகள் இரண்டாவது அடுக்கைச் சேர்ந்தவை. போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியவை. அதோடு, மேட்டின் நடுவே அவர் வெட்டிய பெரிய அகழி, அவர் தேடிக்கொண்டிருந்த காலத்து அடுக்குகளில் ஒரு பகுதியையே அள்ளி எறிந்துவிட்டது.

ஓவியருக்கு இதில் உள்ள பாடம் நேரடியானது. ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக நிஜமாக இருந்தும் சேர்க்கை பொய்யாகலாம். எனவே படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தாளில் மூன்று விவரம் எழுதுங்கள்: எங்கே கிடைத்தது, எந்தக் காலம், நான் எந்தப் படத்தைப் பார்த்து வரைந்தேன். காலத்தை வரிசையாகப் படித்துப் பார்த்தால் ஒட்டாதது தானாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அந்தத் தாளை ஓவியத்தோடு சேர்த்துக் கட்டுரையாளருக்கு அனுப்பிவிடுங்கள். தவறு இருந்தால் அவர் கண்ணில் அங்கேயே பட்டுவிடும்.

நியூஸ்பிரிண்ட் தாளுக்காக வரைவது

திரையில் ஜொலிப்பது நாளிதழ்த் தாளில் ஜொலிக்காது. அந்தத் தாள் வெள்ளை இல்லை, லேசான சாம்பல். மையை உறிஞ்சும். உறிஞ்சும்போது புள்ளி பருக்கும். நீங்கள் 50 சதவீதம் என்று வைத்த நிறம் அச்சில் ஏறத்தாழ 75 சதவீதம்போல இருண்டுவிடும். அதனால் நடுத்தர நிழல்களை வேண்டுமென்றே வெளிறவைத்து அனுப்ப வேண்டும். இருட்டுக் கடல் என்று அச்சின் நான்கு மையையும் (நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு) கொட்டினால் தாள் நனைந்து, பின்பக்கத்துக்கும் ஊறும். நான்கு நிறங்களின் கூட்டுத்தொகை பெரும்பாலான நாளிதழ் அச்சில் 240 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். உங்கள் அச்சகம் சொல்லும் எண் அதைவிடக் குறைவாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பேனாக் கோடுகள் கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நான்கு நிறத்தில் கலந்த கறுப்பாக இருந்தால், அச்சுத் தகடுகள் இம்மி நகர்ந்து அச்சாகும்போது ஒவ்வொரு பல்லுக்கும் பக்கத்தில் சிவப்பும் நீலமுமாக நிழல் விழும். இருட்டில் மெல்லிய வெள்ளைக் கோடும் வேண்டாம், மை அதை நிரப்பிவிடும். பல்லின் வெண்மைக்கு எந்த நிறமும் வைக்காமல் தாளையே விட்டுவிடுங்கள். சுற்றியுள்ள கடல் இருண்டிருந்தால் அந்தச் சாம்பல் தாளே தந்தமாகத் தெரியும். தீர்மானத்தைப் பொறுத்தவரை, அச்சாகும் அளவில் 200 முதல் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) போதும். கறுப்புக் கோட்டை மட்டும் தனி லேயராக 1200-ல் வைத்தால் கூர்மை கெடாது.

மடிப்பை மறக்காதீர்கள். பெரிய தாள் நாளிதழ் குறுக்கே பாதியாக மடிந்துதான் வாசகர் கைக்குப் போகும். ஒருமுறை நான் வரைந்த உருவத்தின் கண்ணிலேயே அந்த மடிப்பு விழுந்தது. இரண்டு வாரம் உழைத்த முகம், காலையில் பார்த்தால் மை உரிந்து குருடாக இருந்தது. அன்றிலிருந்து தாளை மடித்துக் கோடு போட்ட பிறகுதான் முதல் வரைவே. டிராய் படத்தில், மடிப்புக்கு மேலே தெரியும் பாதியில் கப்பல்களும் சில பற்களாவது சேர்ந்து இருக்க வேண்டும். வெறும் கப்பல் மட்டும் தெரிந்தால், மடித்த நிலையில் அது முழுக்கப் புராணப் படமாகிவிடும்.

அனுப்பும் முன்

சாதாரண பிரிண்டரில் மலிவான சாம்பல் தாளில் நிஜ அளவில் பிரிண்ட் எடுத்து, மேசையில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டி, ‘இதில் எது தோண்டி எடுத்தது?’ என்று மட்டும் கேளுங்கள். அவர் விரல் சரியாகப் பற்களைத் தொட்டால் அனுப்பலாம். கப்பலைத் தொட்டால் விளிம்பை மறுபடி வரைய வேண்டும்.

படத்தோடு ஒரு சிறு குறிப்பையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். ‘மைசீனிய காலத்துக் கோரைப்பல் தகடுகளை ஒட்டி வரைந்தது. கப்பல்கள் கற்பனை’ என்றால் போதும். நீங்கள் எழுதாவிட்டால் கடைசி நிமிட அவசரத்தில் ‘டிராய் வீரனின் கவசம்’ என்று வேறு யாராவது எழுதிவிடுவார்கள். பிறகு அதுவே எல்லா இடத்துக்கும் போகும்.

ஃபைலைத் தட்டையாக்கி அனுப்பினாலும், லேயர் பிரித்த பிரதியை உங்களிடம் பத்திரமாக வையுங்கள். பேனா ஒரு லேயர், தூரிகை ஒரு லேயர், பின்னணி ஒரு லேயர். பக்கம் போகும் நாள் சாயந்தரம், தலைப்பு ஒரு வரி கூடிவிட்டது, கவசத்தை இரண்டு சென்டிமீட்டர் கீழே இறக்க முடியுமா என்று நிச்சயம் ஒரு ஃபோன் வரும்.